மணிப்பட்டைகள் வாய் மூடிய நாள்

அந்தக் காலத்தில் ஆற்றில் நீந்தும் பிராணிகளுக்கும் பேச்சு இருந்தது, கடலடியில் கிடக்கும் சிப்பிகளுக்கும் பேச்சு இருந்தது. ஒரு நீர்நாய் எதிர்ப்பட்டால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போவது மரியாதைக் குறைவு என்று மனிதர்கள் நினைத்தார்கள். இப்போது நாம் பக்கத்து வீட்டுக்காரரிடமே தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறோம். அந்தக் காலத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கதை நடந்த இடம் வட அமெரிக்காவில், பெரிய ஏரிகளுக்குத் தென்கிழக்கே இருந்த காட்டுப் பகுதி. அங்கே வாழ்ந்தவர்களை வெளியார் இரோக்குவா என்றார்கள். அவர்கள் தங்களை நீண்ட வீட்டு மக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். மரப்பட்டையால் மூடிய ஒரே நீளமான வீட்டுக்குள், ஒரு தாயின் வழியில் வந்தவர்கள் எல்லோரும் அடுத்தடுத்து அடுப்பு மூட்டி வாழ்வார்கள். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அவர்களுடைய பழங்கதைகளில் இந்தக் கதையைத் தேடாதீர்கள், கிடைக்காது. அவர்கள் நெய்த மணிப்பட்டைகளைப் பற்றி நினைத்து நினைத்து நானாகக் கட்டிய கதை இது. அந்தப் பெயர்கள் என் நாக்கில் படாத பாடு படும் என்பதால் ஆட்களுக்கும் தமிழிலேயே பெயர் வைத்துவிட்டேன்.

மணிப்பட்டை என்றதும் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஊர்கள் சமாதானம் செய்துகொண்டால் ஒரு பட்டை நெய்வார்கள். சாவு வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஒரு பட்டை போகும். சங்கின் நடுத்தண்டை அறுத்து வெள்ளை மணி செய்வார்கள். சிப்பி ஓட்டின் ஓரத்தில் ஊதாக் கறை இருக்கும் அல்லவா, அதை உடைத்துத் தேய்த்து ஊதா மணி செய்வார்கள். இந்தக் கதைக்குச் சங்கும் சிப்பியும் ஒரே இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் இரண்டையும் சிப்பி என்றே சொல்லிவிடுகிறேன். ஒரு மணியைத் தேய்த்துத் துளை போட்டு முடிப்பதற்குள் கை காய்த்துவிடும்.

இந்த மணிகளுக்கு ஒரு குணம் இருந்தது. கடலடியில் கிடந்து கேட்டுக் கேட்டே பழகியவை என்பதால், எதைச் சொன்னாலும் மறக்காமல் வைத்துக்கொள்ளும். காட்டுச் சணலைத் தொடையில் வைத்துத் திரித்துப் பாவு நூல் செய்வார்கள். வில் மாதிரி வளைத்த குச்சியில் அதை இழுத்துக் கட்டி, மணிகளை வரிசை வரிசையாகக் கோப்பார்கள். ஒவ்வொரு வரிசையைக் கோக்கும்போதும் நெய்கிறவள் குனிந்து, அந்த வரிசைக்கு உரிய வார்த்தையை மணித் துளைக்குள் சொல்ல வேண்டும். பட்டை முடிந்து, எங்கே கொண்டுபோய் விரித்தாலும், அது நெய்தவளின் குரலிலேயே எல்லாவற்றையும் பேசிவிடும்.

ஜனங்களுக்கு இது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்க வேண்டுமா, ஒரு பட்டை. துக்கம் விசாரிக்க வேண்டுமா, இன்னொரு பட்டை. மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் ஒரு மணிச்சரத்தை வைத்துவிட்டு, அது பேசி முடிக்கும்வரை சோளக்கொல்லையில் ஒளிந்திருந்த கணவன்மாரும் உண்டு.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான். பட்டை பேசி முடிக்கும்வரை மனிதர் யாரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. சிப்பிக்கு ரோஷம் அதிகம், தொட்டாலே வாயை மூடிக்கொள்ளும். அதிலும் எல்லாச் சிப்பிகளும் ஒரே கடலில் பிறந்தவை. ஒன்றுக்கு அவமானம் என்றால் எல்லாவற்றுக்கும் அவமானம். ஒரு பட்டையை அவமதித்தால் உலகத்தில் உள்ள எல்லாப் பட்டைகளும் வாய் மூடிவிடும், அப்புறம் திறக்கவே திறக்காது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்த ஊரில் நல்லிலை என்று ஒரு பெண் இருந்தாள். பட்டை நெய்வதில் கைதேர்ந்தவள். அவளுக்கு விடிவான் என்று ஒரு தம்பி. அப்பா முன்னமே போய்விட்டார். அம்மா நோயில் விழுந்து, இனிப் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும், படுக்கையில் இருந்தபடியே ஒரு சின்னப் பட்டை நெய்து வைத்துவிட்டுச் செத்துப்போனாள். அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் நல்லிலை அதை மடியில் விரிப்பாள். அம்மாவின் குரல் கேட்கும்.

"நெருப்பு அணையாம பாத்துக்கோ. சோளம் ஊறப் போட்டியா? தம்பி வெளியில நிக்கிறான் பாரு, உள்ள கூப்பிடு."

அவ்வளவுதான். ஆனால் அக்காவும் தம்பியும் அதைக் கேட்காமல் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

ஒரு பனிக்காலத் தொடக்கத்தில் ஆற்றுக்கு இரு பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்து மான் வேட்டைக்குப் போனார்கள். பனிமூட்டம் அடர்ந்திருந்தது. புதரில் ஏதோ அசைந்தது. விடிவான் மான் என்று நினைத்து அம்பை விட்டான். விழுந்தது நெடுங்காற்று என்ற இளைஞன், எதிர்க்கரை ஊரில் முதற்பனி என்ற தாய்க்கு ஒரே மகன். விடிவானுக்கு அவன் சிநேகிதனும்கூட.

இப்படி ஒரு சாவு நடந்தால் என்ன செய்வது என்று சொல்லும் உரிமை செத்தவனின் தாய்க்கு மட்டுமே உண்டு. உயிருக்கு உயிர் கேட்கலாம், அல்லது பட்டையை ஏற்றுக்கொண்டு விட்டுவிடலாம். முதற்பனி ஆள் அனுப்பிச் சொன்னாள்: "ஆத்துப் பனிக்கட்டி உடையறதுக்குள்ள பட்டை வந்து சேரணும். அது பேசறதைக் கேட்டுட்டு முடிவு சொல்றேன். பட்டை வரலைன்னா விடிவான் வரட்டும், திரும்பிப் போக வேணாம்."

விடிவான் அன்றிலிருந்து வீட்டுக்குள் தானாக வருவதை நிறுத்திவிட்டான். வாசலில் பனியில் நிற்பான். சாயங்காலம் அம்மாவின் பட்டை "உள்ள கூப்பிடு" என்று சொல்லி, நல்லிலை போய்க் கையைப் பிடித்து இழுத்தால்தான் வருவான்.

நல்லிலை நெய்ய உட்கார்ந்தாள். ஊதாப் பின்னணியில் வெள்ளையாக இரண்டு மனிதர்கள், ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டியபடி. அதுதான் அவள் மனதில் போட்ட கோலம். ஒரு பக்கத்து மனிதரை முடித்துவிட்டாள். நடுப்பகுதிக்கு வந்தபோது ஊதா மணி தீர்ந்துபோயிற்று. கடற்கரையிலிருந்து சிப்பி வாங்கி வருவதற்கு அவள் ஒரு நீர்நாயை அனுப்பியிருந்தாள். நீர்நாய் நல்ல பிராணிதான், ஆனால் வழியில் ஒரு பனிச்சரிவைக் கண்டால் சறுக்கி விளையாடாமல் நகராது. அது திரும்பி வந்தபோது பனி மெலியத் தொடங்கிவிட்டது.

"சிப்பி கிடைக்கலக்கா" என்றது. "எல்லாம் ஆழத்துக்குப் போயிடுச்சு. கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம்னு நீ சொல்லப் போறே. சொல்லு, கேட்டுக்கறேன். ஆனா வெறுங்கையோட வரல. கரையில ஒரு பெரிய கப்பல் நிக்குது. அதுல வந்தவங்க குடுத்தாங்க."

அது கழுத்தில் தொங்கிய ஒரு தோல் பையைக் கழற்றிக் கீழே வைத்தது. உள்ளே கண்ணாடி மணிகள். சிப்பியின் ஊதாவைவிடக் கொஞ்சம் அழுத்தமான ஊதா. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு.

நல்லிலை ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது பேசுமா?"

"தெரியலக்கா. நெருப்புல பொறந்ததாம். எந்த ஊர் நெருப்போ. என் பாஷைக்குப் பதில் சொல்லல." நீர்நாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது. "சிப்பி மணிதான் வேணும்னா, உங்கம்மா பட்டையில நிறைய இருக்கே. அதைப் பிரிச்சா இந்த நடுவு நிரம்பிடும்."

நல்லிலை வாசலைப் பார்த்தாள். விடிவான் பனியில் நின்றிருந்தான். பட்டையைப் பிரித்தால் அம்மாவின் குரல் போய்விடும். அந்தக் குரல் இல்லாவிட்டால் தம்பியை யார் உள்ளே கூப்பிடுவது?

"வேணாம்" என்றாள். "கண்ணாடியே இருக்கட்டும்."

கண்ணாடி மணி கோப்பதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. சிப்பி மணியில் துளை கோணல்மாணலாக இருக்கும். இரண்டு பக்கமிருந்தும் குடைந்த துளை, நடுவில் நூல் தட்டும். திருப்பிப் பார்த்து, எச்சில் தொட்டு, மெல்ல நுழைக்க வேண்டும். அந்தத் தாமதத்தில்தான் வார்த்தை வாய்க்கு வரும். கண்ணாடியிலோ நூல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நடுப்பகுதியில் சொல்ல வேண்டியதோ எல்லாவற்றிலும் கடினமான வார்த்தை. என் தம்பியின் அம்பு உங்கள் மகனைக் கொன்றது. நல்லிலை குனிந்தாள், வார்த்தை வாய்க்கு வருவதற்குள் வரிசை முடிந்துவிட்டது. அடுத்த வரிசையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வரிசையும் முடிந்துவிட்டது. கைக்குத் தெரிந்த வேலை, கை பாட்டுக்கு ஓடியது. அவள் நிமிர்ந்தபோது நடுப்பகுதி நிறைந்து, மிச்சம் இருந்த வெள்ளை மணிக்கு வந்திருந்தாள். சொன்னோமா இல்லையா என்று அவளுக்கே ஒரு சந்தேகம். பிரித்து மறுபடி கோக்க நேரமில்லை. ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டது. மிச்சப் பட்டையை அன்றிரவே முடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அக்காவும் தம்பியும் ஊர்ப் பெரியவர்களோடு பனிமேல் நடந்து எதிர்க்கரைக்குப் போனார்கள். நீர்நாயும் பின்னால் சறுக்கிக்கொண்டே வந்தது. அன்றைக்கு அதற்கே விளையாட மனம் இல்லை, நடக்கத் தெரியாத குறைக்குச் சறுக்கியது.

ஊர் நடுவில் நெருப்பு மூட்டி, மான் தோல் விரித்திருந்தார்கள். முதற்பனி எதிரில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை, துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். சுற்றி அவளுடைய ஆட்கள். நல்லிலை பட்டையைத் தோலின் மேல் விரித்துவிட்டு விலகி நின்றாள். பட்டை அவள் குரலில், சபைக்கு ஏற்ற நடையில் பேசத் தொடங்கியது.

"தாயே, உங்கள் கண்களில் நிறைந்திருக்கும் நீரைத் துடைக்கிறோம். மறுபடி வெளிச்சத்தைப் பாருங்கள். உங்கள் செவிகளை அடைத்திருக்கும் துயரத்தை நீக்குகிறோம். மறுபடி குரல்களைக் கேளுங்கள். உங்கள் தொண்டையில் சிக்கியிருப்பது இறங்க, தெளிந்த நீர் தருகிறோம். இப்போது நடந்ததைச் சொல்கிறோம்."

அத்தோடு நின்றுவிட்டது. கண்ணாடி மணிகள் வெயிலில் மினுங்கின. ஒரு சத்தம் இல்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். முதற்பனி கண்ணை எடுக்காமல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெருப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது. அவளுடைய ஆட்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பிறகு இருவரும் எழுந்து விடிவானின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். பட்டை பேசும்போது யாரும் பேசக் கூடாது, அதனால் அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. நடந்ததைச் சொல்ல வாய் இல்லாத பட்டையை எந்தத் தாய் ஏற்றுக்கொள்வாள்?

நல்லிலை வாய் திறந்தால் சிப்பிகள் மூடிக்கொள்ளும். இங்கே இருக்கும் பட்டை மட்டும் இல்லை, வீட்டில் சுருட்டி வைத்திருக்கும் அம்மாவும் மூடிக்கொள்வாள். அந்தக் குரலைக் காப்பாற்றத்தானே கண்ணாடியைக் கோத்தாள். இப்போது தம்பியின் தோளில் ஒரு கை விழுந்துவிட்டது.

அவள் போய்ப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, முதற்பனியின் முன்னால் மண்டியிட்டாள்.

"அம்மா, என் தம்பி விட்ட அம்புலதான் உங்க பிள்ளை செத்தான். பனிமூட்டத்துல மான்னு நினைச்சான். என்ன நினைச்சு விட்டாலும் விட்டது எங்க கைதான். அந்த வார்த்தையை இதுக்குள்ள வைக்கணும்னுதான் உக்காந்தேன். வாய் வரல. கை மட்டும் ஓடிடுச்சு. அதான் இது பேசாம கிடக்கு. குத்தம் மணியில இல்லம்மா."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னச் சத்தம் கேட்டது, சிப்பி ஓடு மூடுவது போல. முதலில் அவள் கையில் இருந்த பட்டையில். பிறகு பெரியவர்களின் தோளில் கிடந்த சரங்களில், பைகளில், நீண்ட வீட்டுக்குள் தொங்கிய பழைய பட்டைகளில். கூட்டத்தில் யாரோ தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நல்லிலை திரும்பிப் பார்க்கவில்லை.

முதற்பனி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கு எத்தனையோ பட்டை வந்திருக்கு" என்றாள். "என் புருஷன் செத்தப்ப வந்துது. என் தங்கச்சி செத்தப்ப வந்துது. எல்லாம் நல்லாத்தான் பேசிச்சு. குடுத்தவங்க தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னுட்டுப் போயிடுவாங்க. என் முகத்தைப் பாத்து ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

கொன்றவன் சபையில் பேசக் கூடாது என்பது முறை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உடைந்த இடத்தில் இன்னொன்றும் உடைந்தது. முதற்பனி விடிவானை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பக்கத்துல இருந்தியா, அவன் போறப்ப?"

"இருந்தேம்மா. என் மடியிலதான் படுத்திருந்தான்."

"என்ன சொன்னான்?"

பக்கத்தில் நின்றவன் விடிவானின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"மான் தப்பிச்சுடுச்சான்னு கேட்டான்."

முதற்பனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் அப்படித்தான் கேப்பான்" என்றாள். "சின்ன வயசுலயே அப்படித்தான்." அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. மகன் செத்ததிலிருந்து அவள் அழவில்லை என்பது அவளுடைய ஆட்களுக்குத் தெரியும். அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். நல்லிலையும் அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு முதற்பனி இரண்டு கையையும் நீட்டிப் பட்டையை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டால் உயிர் கேட்க மாட்டாள் என்று அர்த்தம்.

"இதை நான் வெச்சுக்கறேன். ஆனா பேசாத பட்டை என்னத்தைச் சொல்ல வந்ததுன்னு நாளைக்கு யாருக்குத் தெரியும்? அதனால வருஷா வருஷம் பனி உருகறப்ப நீ வா. இதைக் கையில எடுத்துக்கிட்டு, இன்னிக்குச் சொன்னதை மறுபடி சொல்லு. உன் தம்பியும் வரட்டும். மான் கதையை அவன் சொல்லட்டும்."

திரும்பி வரும் வழியில் யாரும் நல்லிலையைத் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. ஊரே கவலையில் இருந்தது. இனிமேல் துக்கம் விசாரிக்க நேரில் போய் வாயைத் திறக்க வேண்டும். சோளக்கொல்லையில் ஒளிந்த கணவன்மாரின் பாடு இன்னும் மோசம். நீர்நாய் மட்டும் கரையில் நின்று, "சிப்பி எடுக்க இனிமே சீக்கிரமாப் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் பனிக்கட்டி விரிசல் வழியாகத் தண்ணீரில் இறங்கிப் போயிற்று.

சாயங்காலம் ஆயிற்று. நல்லிலை அடுப்பு மூட்டினாள். வழக்கம்போல அம்மாவின் பட்டையை எடுத்து மடியில் விரித்தாள். தெரிந்துதான் விரித்தாள், இருந்தாலும் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். பட்டை வெறும் மணியாகக் கிடந்தது. முதலில் இருந்து கடைசி வரை விரலால் தடவிப் பார்த்தாள். அம்மா செத்த அன்றைக்குக்கூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அன்றைக்குக் குரலாவது மிச்சம் இருந்தது.

வாசலில் விடிவான் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. கூப்பிடும் குரலுக்காகக் காத்திருந்தான், அது இனி வராது என்று தெரிந்தும்.

நல்லிலை மறுபடி பட்டையின் முதல் வரிசையில் விரலை வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நெருப்பு அணையாம பாத்துக்கோ" என்றாள். விரல் நகர்ந்தது. "சோளம் ஊறப் போட்டியா?" கடைசி வரிசைக்கு வந்தபோது குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னாள். "தம்பி வெளியில நிக்கிறான் பாரு. உள்ள கூப்பிடு."

வாசல் தோல் மறைப்பு விலகியது. விடிவான் குனிந்து உள்ளே வந்தான். கண் அகன்றிருந்தது.

"அக்கா, அம்மா பேசுச்சா?"

"பேசுச்சு" என்றாள் நல்லிலை. "வா, சாப்பிடலாம்."

அன்று முதல்தான் மணிப்பட்டைகள் தாமாகப் பேசுவதை விட்டுவிட்டன. யாராவது ஒருவர் பட்டையைக் கையில் ஏந்தி, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அதில் உள்ளதைத் தம் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. முதற்பனி வீட்டுப் பட்டையைச் சொல்கிறவர்கள் மட்டும், நடுவில் விரலுக்கு வழவழப்பான கண்ணாடி தட்டுப்பட்டதும், ஒரு மூச்சு நின்றுவிட்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்குவார்கள்.